ஒரே ஒரு ‘டக்’: ரூ. 7,660

என் கார் நோட்டில் 2022 நவம்பர் பக்கம் இப்படி இருக்கிறது:

கட்டி இழுத்த வகையில் – ரூ. 1,200
புது பேட்டரி, 35 ஆம்பியர் மணி, பழசைக் கழித்து – ரூ. 4,250
செல்ஃப் மோட்டார் கழற்றி மாட்டியது, கார்பன், கிரீஸ் – ரூ. 1,450
ஆட்டோ – ரூ. 340
எர்த் பட்டை ரூ. 220, கூலி ரூ. 200

கூட்டினால் ரூ. 7,660. வண்டியைக் கிளப்பியது கடைசி வரி மட்டும்தான், அதாவது 420 ரூபாய். அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் அதைப்போல 17 மடங்கு போய்விட்டது.

800 சிசி பெட்ரோல் வண்டி. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. இன்னொரு முறை திருப்பினால் இன்னொரு ‘டக்’. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரனும் தெருவை எழுப்பியது. பேட்டரிக் கடைக்காரர் வண்டியின் வயதைக் கேட்கவில்லை, பேட்டரியின் வயதைக் கேட்டார். “மூணு வருஷம் ஆச்சா? அப்ப அதுதான் சார்.” மாட்டினோம், 11 நாள் ஓடியது. பிறகு அதே ‘டக்’. அடுத்தவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் மாற்றினார். அது 4 நாள் ஓடியது.

இருவருமே சத்தத்தை எண்ணவில்லை. அந்தச் சத்தம் வருவது மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டிலிருந்து. அதற்குள் இரண்டு சுருள்கள்: தண்டை இழுக்க ஒன்று, இழுத்ததை விடாமல் பிடிக்க ஒன்று. தண்டு உள்ளே போய்ச் செம்புத் தகட்டை அழுத்தினால்தான் பெரிய கரண்ட் மோட்டாருக்குப் போகும். பேட்டரி மெலிந்திருந்தால், தகடு ஒட்டிய கணமே மோட்டார் கரண்டை உறிஞ்சும், வோல்ட் சரியும், பிடி நழுவும். நழுவியதும் மோட்டார் கரண்ட் கேட்காது, வோல்ட் ஏறும், தண்டு மறுபடி இழுபடும். அதனால்தான் ‘டகடகடக’. ஒரே ‘டக்’ என்று நின்றுவிட்டால் கதை பெரும்பாலும் வேறு: பிடிக்கும் அளவுக்கு வோல்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றுகிற அளவுக்குக் கரண்ட் போகவில்லை. தகடு கருகியிருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், எர்த் போயிருக்கலாம். எஞ்சினே இறுகியிருந்தாலும் இதே சத்தம்தான்.

“லைட் எரியுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்பது நம்மூரில் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. கேபினில் எரியும் 5 வாட் பல்பு கேட்பது 0.4 ஆம்பியர். சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற ஏறக்குறைய 120 ஆம்பியர் வேண்டும், 300 மடங்கு. பல்பை எரிக்கிற பேட்டரி எஞ்சினைச் சுற்றும் என்று எண்ணுவது, குடம் தூக்கியவர் லாரித் தண்ணீரையும் தூக்குவார் என்பதுபோல. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிச்சம் செத்து மங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மேலும் அதன் டெர்மினல் மேலும். அதிகம் மங்காமல் ‘டக்’ மட்டும் வந்தால் பேட்டரிக்குப் பணம் எடுக்க வேண்டாம். என் வண்டியில் அதிகம் மங்கியிருக்காது. அன்றைக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாவதாக வந்தவர் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். கையில் மல்டிமீட்டர் மட்டும். பேட்டரி மேல் வைத்தார்: 12.6 வோல்ட். ஆறு செல், செல்லுக்கு 2.1, முழு சார்ஜ். (12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். 0.4 வோல்ட்டில் பாதி பேட்டரி காணாமல் போகும்.) என்னைச் சாவி திருப்பச் சொன்னார்: 11.2. திருப்பும்போது 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னார். இரண்டும் ஒரே எர்த். அங்கே 0.2-க்கு மேல் காட்டக்கூடாது. 5.2 காட்டியது.

“பேட்டரியத் திட்டாதீங்க சார். இது எர்த்து.”

மைனஸிலிருந்து பாடிக்கு ஒரு கம்பி, கியர்பாக்ஸுக்கு ஒரு பட்டை. விளக்குகள் முதல் வழியாகத் திரும்புவதால் பளிச்சென்று எரிந்தன. மோட்டாரின் கரண்ட் திரும்ப வேண்டிய பட்டை, போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பேட்டரி மாட்டியபோதும் மோட்டாரைக் கழற்றியபோதும் அசைந்து கொடுத்ததில் 11 நாளும் 4 நாளும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

அந்தப் பூப்பு எவ்வளவு தடை என்று இரவில் கணக்குப் போட்டேன். 150 ஆம்பியர் ஓடியதென்று வைத்தால், 5.2-ஐ அதால் வகுக்க 0.035 ஓம் வருகிறது. 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.0007 ஓம். ஆக, போல்ட்டடியில் இருந்த அந்தச் சிட்டிகை உப்பு 50 மீட்டர் கம்பிக்குச் சமம். பேட்டரியைத் தெருமுனையில் வைத்து வீட்டுக்குள் வண்டியைக் கிளப்பப் பார்த்த மாதிரி. அந்த மூட்டில் வீணாய்ப் போனது 780 வாட், பத்து சீலிங் ஃபேன் ஓடும். தொட்டிருந்தால் கையே சொல்லியிருக்கும். சில வண்டிகளில் இந்தக் கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட வைக்கும்.

ஓம் அளக்கும் இடத்தில் மீட்டரைத் திருப்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. 450 ரூபாய் மீட்டர் 0.1-க்குக் கீழே காட்டாது, அதன் வயர்களின் தடையே அதற்கு மேல். கரண்ட் ஓடும்போது வோல்ட்டைப் பார்ப்பது ஒன்றே வழி, சாவி திருப்ப இன்னொரு கை வேண்டும்.

பேட்டரியே குற்றவாளியான பக்கமும் நோட்டில் உண்டு. 2020 மார்ச் 25 முதல் 21 நாள் ஊரடங்கு. நிறுத்திவைத்த வண்டியும் கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பார்கள். நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி, 21 நாளில் 25.2. 35-இல் மிச்சம் 10-க்கும் கீழே. ‘டகடகடக’ என்றதில் வியப்பில்லை. இத்தனைக்கும் ஒரு ஸ்டார்ட்டின் செலவு அற்பம்: 120 ஆம்பியர், 2 நொடி, 0.067 ஆம்பியர் மணி. சும்மா நின்ற ஒரு நாளுக்கு 18 ஸ்டார்ட் போகிறது. போன 25-ஐ 3.5 ஆம்பியர் சார்ஜரில் ஏற்ற 7 மணி நேரத்துக்கு மேலாகும். வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிடுவதில் ஒன்றும் ஏறாது.

குளிர்நாட்டுக்காரர்கள் பனியைக் குற்றம் சொல்வார்கள். இங்கே கொல்வது வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலின் பொதுக்கணக்கு. கத்திரி வெயிலில் பானட்டுக்குள் வெந்தது மார்கழிக் காலையில் கைவிரிக்கும், பழி மார்கழிக்கு.

இந்த செல்ஃப் மோட்டாரைக் காருக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1912 காடிலாக்கில் வந்தது. அதற்கு முன் அவர் செய்தது கடைக் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார். சில நொடிதான் வேலை என்றால் சின்ன மோட்டாரையும் அடித்து வேலை வாங்கலாம் என்பது அங்கே படித்த பாடம். கல்லாவுக்கும் இந்தச் சத்தத்துக்கும் உள்ள உறவு அப்போதே தொடங்கியிருக்கிறது.

2022-இல் வாங்கிய பேட்டரியின் பில்லில் அடிப்படை விலை ரூ. 3,750, ஜிஎஸ்டி 28 சதவீதம் ரூ. 1,050, பழசுக்குக் கழிவு ரூ. 550. 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதம். அதே அடிப்படை விலைக்கு இப்போது ரூ. 4,425 வரும், 375 மிச்சம். தேவையில்லாமல் வாங்கிய அந்தப் பேட்டரிக்கும் மூன்று வயது தாண்டிவிட்டது. மாதம் ஒரு முறை மீட்டர் வைத்துக் குறித்து வருகிறேன். எர்த் பக்கம் 0.1. சாவி திருப்பும்போது முதல் வருடம் 11-ஐத் தொட்ட பேட்டரி, இந்த மாதம் 9.7.