பழைய வீட்டு வானில் கோடைப் பயணம்: காற்று வரவும் வழி வேண்டும், போகவும் வழி வேண்டும்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எமது வீடுகளில் பயணப் பேச்சுத்தான். பலெர்மோவில் இருக்கும் குடும்பங்கள் செஃபலு, சான் வீத்தோ லோ காப்போ என்று கடற்கரைகளுக்குப் புறப்படுகின்றன. ஜேர்மனியிலும் சுவிசிலும் இருக்கும் உறவுகள் ஜெனோவாவிலோ நாப்போலியிலோ கப்பல் ஏறி இங்கு வந்து இறங்குகின்றன. பெரிய குடும்பத்துக்கு ஹோட்டல் செலவு கட்டாது என்பதால், இத்தாலியில் ‘கம்பர்’ என்று சொல்லும் வீட்டு வானைச் சிலர் வாங்குகிறார்கள். புதியது விலை கூட. எனவே 1970களின் வொக்ஸ்வாகன், 1983 வரை செய்யப்பட்ட ஃபியற் 238, 1981இல் வெளிவந்த டுக்காட்டோவின் முதல் வகை போன்ற பழைய வாகனங்கள் கைமாறி எமது வாசலுக்கு வருகின்றன.

இந்த வாகனங்கள் அழகானவை. ஆனால் இவற்றின் உடல் மெல்லிய இரும்புத் தகடு. பலவற்றில் குளிரூட்டி இல்லை. இப்போதைய சிசிலி வெயிலோ அந்தக் கால வெயில் அல்ல. 2021 ஓகஸ்ட் 11ஆம் திகதி சிராக்கூசா அருகே ஃபுளோரிடியாவில் 48.8 பாகை செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவின் அதிகூடிய வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டுள்ளது. 2023 யூலையில் பலெர்மோவைச் சுற்றிய மலைகள் தீப்பற்றி எரிந்து, விமான நிலையத்தையே சில மணி நேரம் மூட வேண்டி வந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் சுமார் 70,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். 2022 கோடையில் இறந்தவர்கள் 60,000க்கு மேல். அந்த ஆண்டு அதிக உயிர்களை இழந்த நாடு இத்தாலி.

ஆகவே வானின் காற்றோட்டம் வெறும் சொகுசு விடயமல்ல. அது உடல்நல விடயம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் அதை எழுதுகிறோம்.

மூடிய வாகனம் என்ன செய்யும் என்பது எமது சமூகத்துக்குப் புதிதல்ல. 1995 யூலையில் ஹங்கேரியின் ஜியோர் நகருக்கு அருகே, மூடிய பாரவூர்தி ஒன்றினுள் இலங்கைத் தமிழர் 18 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அகதிகளாய் வந்த நாம் அவர்களை நினைக்காமல் இதை எழுத முடியாது. விடுமுறை வானை அதனுடன் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் காற்றுப் போகும் வழி அடைபட்டால் உடம்புக்கு என்ன நடக்கும் என்ற பாடம் ஒன்றேதான்.

யன்னலை ஏன் மூடுகிறோம்?

எமது சிகிச்சை அறைக்கு வருபவர்களிடம் “இரவில் யன்னலைத் திறந்து வைத்தீர்களா?” என்று கேட்டால் நான்கு பதில்கள் வரும். கள்ளர் பயம். நுளம்பு. “பிள்ளைக்குப் பனி பிடிக்கும்” என்று அம்மம்மா சொன்னது. தெருவில் போகிறவர் உள்ளே பார்ப்பார் என்ற கூச்சம். நான்கும் நியாயமானவை. வெறுமனே “யன்னலைத் திறவுங்கள்” என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. இந்த நான்குக்கும் பதில் இருந்தால்தான் யன்னல் திறக்கும்.

சற்றே ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. வெயிலில் நிற்கும் வாகனத்துக்கு அது போதாது. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நிறுத்தி வைத்த காரின் உள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி பூட்ட வேண்டும் என்று இத்தாலி 2019 நவம்பரிலிருந்து கட்டாயமாக்கியதும் இதனால்தான். ஐந்து நிமிடக் கடை வேலை என்றாலும் பிள்ளையை வானில் விட்டுப் போகாதீர்கள்.

முன்னோர் கண்ட வழி

பலெர்மோவில் 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசர்கள் கட்டிய சீசா மாளிகை இருக்கிறது. பெயர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, கட்டிய அறிவும் அரபு அறிவு. கடற்காற்று வரும் பக்கத்தில் பெரிய வளைவுகள், முன்னே நீர்த்தடாகம், உள்ளே நீரூற்று, சூடான காற்று மேலே போகச் சுவருக்குள் குழாய் வழிகள். பிற்காலச் செல்வந்தர்கள் நிலத்தைக் குடைந்து ‘சிறோக்கோ அறை’ அமைத்து, வெக்கைக் காற்று வீசும் நாட்களில் அங்கே இருந்தார்கள்.

இதைப் பார்க்கும்போது யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு நினைவுக்கு வருகிறதல்லவா? நடு முற்றத்தால் வெக்கை மேலே போகும், நிழலான விறாந்தைப் பக்கத்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். தத்துவம் ஒன்றுதான்: காற்று தாழ்வான, நிழலான இடத்தால் வர வேண்டும், உயரமான இடத்தால் போக வேண்டும். ஒரு வழி மட்டும் இருந்தால் காற்று ஓடாது.

வானில் இதைச் செய்வது எப்படி?

முதலில் நிழல். உள்ளே வந்துவிட்ட வெயிலை வெளியேற்றுவதைவிட வரவிடாமல் தடுப்பது இலகு. முன் கண்ணாடிக்குப் போடும் வெள்ளித் திரையை உட்பக்கம் அல்ல, வெளிப்பக்கம் போடுங்கள். வெயில் கண்ணாடியைக் கடந்துவிட்டால் பாதி வேலை கெட்டுவிடும்.

இரண்டாவது, மேல் வழி. பல கம்பர்களின் கூரைத் திறப்பு 40 சென்ரிமீற்றர் சதுரம். அதே அளவில் 12 வோல்ற் மின்விசிறி பூட்டிய மூடிகள் கடைகளில் உண்டு. அளந்து பார்த்து வாங்கினால் கூரையை வெட்டத் தேவையில்லை. வெட்டினால் துருப்பிடிக்கும், பழைய வாகனத்தின் மதிப்பும் குறையும். கூரை உயரும் வொக்ஸ்வாகன் என்றால் கூரையை உயர்த்தி, துணிச் சுவரில் உள்ள வலை யன்னலைத் திறந்தாலே மேல் வழி கிடைத்துவிடும்.

மூன்றாவது, விசிறி சுற்றும் திசை. அது காற்றை வெளியே தள்ள வேண்டும். அப்போது எல்லா யன்னல்களையும் திறக்காதீர்கள். விசிறிக்குப் பக்கத்து யன்னலைத் திறந்தால் காற்று அந்தக் குறுக்கு வழியாலேயே வந்து போய்விடும், படுத்திருப்பவர் மேல் படாது. விசிறிக்குத் தூரத்தில், தலைமாட்டுப் பக்கம், நிழல் பக்கத்து யன்னல் ஒன்றை மட்டும் திறவுங்கள். 2 அம்பியர் எடுக்கும் விசிறி எட்டு மணி நேரம் சுற்றினால் செலவாவது 16 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி பற்றரிக்கு அது பாரமல்ல.

நான்காவது, வாகனத்தின் சொந்த வழிகள். 1967க்குப் பிந்திய வொக்ஸ்வாகனில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று எடுக்கும் பொறிவழி உண்டு. அதன் கம்பிகள் இறுகி, மூடி அசையாமல் இருப்பது வழக்கம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். இந்த வானின் எஞ்சின் பின்னால், படுக்கைக்குக் கீழே இருக்கிறது. நெடுந்தூரம் ஓடி நிறுத்தியதும் பின் கதவைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்ட பின்னரே பிள்ளைகளைப் படுக்க விடுங்கள்.

தெருவோரம் நிறுத்துபவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. இத்தாலிய வீதிச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, நிறுத்திய கம்பர் சில்லுகளில் மட்டும் நின்று, தன் அளவுக்கு மேல் வீதியைப் பிடிக்காமல் இருந்தால்தான் அது வெறும் ‘தரிப்பு’. வெளியே தள்ளித் திறக்கும் யன்னலும் பந்தலும் அந்த அளவைத் தாண்டிவிடும். தெருவோரத்தில் நகர்த்தித் திறக்கும் யன்னலையும் கூரைத் திறப்பையும் பாவியுங்கள்.

புகை என்ற கள்ளன்

பழைய வானில் வெக்கையைவிட வேகமாகக் கொல்லக்கூடியது காபன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, ஓங்காளம், சோர்வு என்று தொடங்கும். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவோம். வானில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் உடனே வெளியே இறங்குங்கள்.

எஞ்சின் ஓடும்போது பின் கதவைத் திறந்து வைத்து ஓடாதீர்கள், புகை உள்ளே இழுபடும். காற்றால் குளிரும் வொக்ஸ்வாகனில் சூடேற்றும் காற்று புகைக் குழாயைச் சுற்றித்தான் வருகிறது. குழாய் ஓட்டையானால் புகையும் கூடவே வரும். கோடையிலும் கால்மாட்டில் சூடான காற்று வந்துகொண்டிருந்தால் அந்த மூடி சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

தரைக்கு அருகே உள்ள சிறு துவாரங்களைத் தூசிக்கும் பூச்சிக்கும் பயந்து ஒட்டி மூடாதீர்கள். சமையல் வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையில் தங்கி அந்தத் துவாரத்தால் வெளியேற வேண்டும். இறைச்சி வாட்டிய கரி அடுப்பை, அணைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே எடுத்து வைக்காதீர்கள். ஒரு காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கட்டும்.

இரவு

தூங்கும் ஒருவர் மூச்சாலும் வேர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியேற்றுகிறார். நாலு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஒரு லீற்றருக்கு மேல். அது வெளியேறாவிட்டால் புழுக்கம், பூஞ்சணம், ஆஸ்மாக்காரருக்கு இழுப்பு. கோடை இரவில் காற்றுப் பட்டுப் பிள்ளைக்குத் தடிமன் வராது. தடிமன் வைரசால் வருவது என்று அம்மம்மாவுக்கு அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

நுளம்புக்கு வலை போடுங்கள். சிசிலியில் ‘பப்பத்தாச்சி’ என்ற மணல் ஈயும் உண்டு. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுதான், சாதாரண வலையால் புகுந்துவிடும். லீஷ்மேனியாசிஸ் நோயைப் பரப்புவது அதுவே. நெருக்கமான வலை நல்லது. ஆனால் அது காற்றைக் குறைக்கும், அதனால்தான் விசிறி வேண்டும். பறக்கும் வலு குறைந்த இந்தப் பூச்சிகளை விசிறிக் காற்றே விலக்கிவிடும். கள்ளர் பயத்துக்குக் கூரை வழியும், காவலுள்ள தரிப்பிடமும் பதில். கூச்சத்துக்கு ஒரு மெல்லிய பருத்தித் திரைச்சீலை போதும்.

சிறோக்கோ வீசும் நாளில்

எமது ஊர்ச் சோளகம் உடம்புக்கு இதம். சகாராவிலிருந்து வரும் சிறோக்கோ அப்படியல்ல. மலையைத் தாண்டிப் பலெர்மோவில் இறங்கும்போது அது இன்னும் காய்ந்து சூடாகும். வெளிக்காற்று 40 பாகையைத் தாண்டினால் விசிறி உடம்பைக் குளிர்விக்காது, சூட்டையே மேலே வீசும். அப்போது பகலில் வானில் இருக்காதீர்கள். நூலகம், கடைத்தொகுதி, தடித்த சுவருள்ள தேவாலயம், உறவினர் வீடு என்று குளிர்ந்த இடத்துக்குப் போங்கள். மடோனியே மலையில் பியானோ பத்தாலியா சுமார் 1,600 மீற்றர் உயரம். கரையைவிட ஏறத்தாழ 10 பாகை குறைவாக இருக்கும். இத்தாலிய சுகாதார அமைச்சு கோடையில் பலெர்மோ உட்பட 27 நகரங்களுக்கு வெப்ப அறிவித்தல் வெளியிடுகிறது. மூன்றாம் நிலை, அதாவது சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

சலரோகக்காரர் இன்சுலினை வானின் லாச்சியில் வைக்காதீர்கள், குளிர்ப்பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் கட்டியில் நேரே படவிடாதீர்கள். பிரஷருக்கும் இருதயத்துக்கும் சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கேளுங்கள். குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம். தாகம் தெரியாத முதியவருக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள்.

உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுத் தடுமாறினால், அல்லது மயங்கினால் அது வெப்பத் தாக்கு. 112ஐ அழையுங்கள். நிழலுக்கு எடுத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த துணி வையுங்கள். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பரசிற்றமோல் இதற்கு உதவாது. அம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

இம்முறை புறப்படுமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விசிறியைப் போட்டு, தலைமாட்டு யன்னலடியில் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடியுங்கள். அது உள்ளே வளைந்தால் காற்று வருகிறது. வளையாவிட்டால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்த பின் புறப்படுங்கள். உங்கள் பயணம் நலமாக அமையட்டும்.