கணக்குப் போடும்போது சிதறும் கவனம்

தப்புக் கணக்கு சொல்வது

வீட்டுக்கணக்கு போட உட்கார்ந்த பிள்ளை பென்சில் சீவுவதும் தண்ணீர் குடிக்க எழுவதுமாக இருந்தால், திட்டுவதற்கு முன் நோட்டைப் பார்க்க வேண்டும். 503-இல் 267 போக 236 வர வேண்டிய இடத்தில் 364 என்று இருந்தால், அது கவனப் பிசகு அல்ல. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது பிள்ளை. கடன் வாங்கிக் கழிப்பது, அதுவும் நடுவில் பூஜ்ஜியம் வந்தால் எப்படி என்பது, அதற்குப் பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் விளங்கும். மாறாக, மூன்று கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு நான்காவதில் கழித்தலைக் கூட்டலாக்கினால், அங்கேதான் கவனம் தளர்ந்திருக்கிறது.

மூளையின் சுமை

கணக்குப் போடும்போது எண், குறி, கடன் வாங்கியது, அடுத்த படி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்க வேண்டும். இதைச் செயல்படு நினைவு என்பார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இதன் கொள்ளளவு குறைவு. பயம் வந்தால் அந்தக் கொஞ்ச இடமும் போய்விடும். “நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்” என்ற அதட்டல் உதவாமல் போவது இதனால்தான்.

சுமையைத் தாளில் இறக்கிவைப்பதே வழி. கட்டம் போட்ட நோட்டு இலக்கங்களை நேராக நிறுத்தும். குறியை முதலில் வட்டமிடச் சொல்லலாம். மற்றக் கணக்குகளை ஒரு தாளால் மூடலாம். நாலைந்து கணக்கு முடிந்ததும் எழுந்து நடக்க விடலாம். டிவி மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் செல்போனும் அணைந்திருக்க வேண்டும்.

உடல் காரணங்கள்

கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதிவரும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை அவசியம். காது மந்தம், இரத்தசோகை ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை.

மருத்துவரிடம் எப்போது?

12 வயதுக்கு முன்பே தொடங்கிய கவனச்சிதறல், வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாடத்தைப் பாதித்தால் ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மற்றப் பாடங்களில் தேறி, எண்களில் மட்டும் தொடர்ந்து திணறினால் டிஸ்கால்குலியா எனும் கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இத்தகைய குறைபாடுகளைக் கண்டறியும் சேவை இலவசம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே பெற்றோர் இதைக் கேட்கலாம்.