பூட்டில்லாத மென்பொருள்

அடுத்த வீட்டார் வட்டிலப்பத்தின் பக்குவம் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவர் ஏலம் கூட்டலாம், இனிப்பைக் குறைக்கலாம். திறந்த மூல மென்பொருளும் அப்படித்தான். அதன் செய்முறை ஒளிவின்றிக் கிடைக்கும். எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம்.

2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளைச் சுனாமி அள்ளிச் சென்றதை மறப்போமா? காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் பற்றிய விபரங்களைப் பதிந்து வைக்க, இலங்கைக் கணனித் தொண்டர்கள் அப்போது உருவாக்கியதே ‘சஹனா’. சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். பூட்டி வைக்காததால் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது கைகொடுத்தது. நம் துயரில் பிறந்தது, முகமறியாதோர் துயரிலும் துணை நின்றது.

உங்கள் பிள்ளைகள் கணனி படிக்கிறார்களா? நாலு பேருக்கு உதவும் ஒன்றை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியதைப் பூட்டாமல் கொடுக்கவும் பழக்குங்கள்.