காரவள்ளியின் 70 வளைவுகளும் சுருள் முடியும்: தத்தெடுத்த பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது காரவள்ளி. இங்கிருந்து மலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். சமவெளியில் வேகமாக வந்த பஸ், இங்கே கியரை மாற்றி ஒவ்வொரு வளைவாக உருண்டு ஏறும். இறங்கும்போதும் அதே கதைதான்.

சுருள் முடி ஏன் சீக்கிரம் வறண்டு போகிறது என்பதற்கும் இதுதான் விளக்கம். நம் தலைத்தோலில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை சுரக்கிறது. நேரான முடியில் அது வேரிலிருந்து நுனி வரை சுலபமாக இறங்கிவிடும். இறுக்கமான சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு, நுனிக்குப் போய்ச் சேருவதே இல்லை. அதனால்தான் நுனி வறண்டு, உடைந்து, சிக்கு விழுகிறது.

அம்மாவுக்கு நேர் முடி, தத்தெடுத்த பிள்ளைக்கு இறுகிய சுருள் முடி என்றால், அம்மா தன் தலையில் கற்றுக்கொண்ட பல பழக்கங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. ஆப்பிரிக்க வம்சாவளி கலந்த குழந்தையைத் தத்தெடுத்து வெளிநாட்டில் வளர்க்கும் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்தியாவிலும் இப்படிப்பட்ட முடி உண்டு. கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழும் சித்தி சமூகத்தினரின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்தான்.

மொட்டை போட்டால் முடி நேராகுமா?

"ஏன் கண்ணு, இன்னொரு மொட்டை போட்டா நேரா வளந்துருமே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆகாது. முடி சுருளுவதைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் இருக்கும் முடிக்குழியின் வடிவம். குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்தே வரும். அது மரபணு தந்தது. வெளியே தெரியும் முடியைச் சிரைத்தால் குழி மாறாது. முதல் சில வருடங்களில் பிள்ளைகளின் முடி தானாகவே தன்மை மாறுவது உண்டு. அந்தப் பெருமைதான் மொட்டைக்குப் போய்விடுகிறது.

குளிப்பாட்டுவது எப்படி?

இறுகிய சுருள் முடியைத் தினமும் ஷாம்பு போட்டு அலச வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை போதும். நம்ம ஊர் வெயிலில் வியர்த்தால், இடையில் வெறும் தண்ணீரில் அலசிவிடலாம்.

அரப்பு, சீயக்காய் போடலாமா? இரண்டிலும் நுரைக்கிற சப்போனின் இருக்கிறது. அழுக்கோடு சேர்த்து எண்ணெயையும் எடுத்துவிடும். தூள் சுருளுக்குள் போய் மாட்டிக்கொண்டால் எடுப்பதும் கஷ்டம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஊற வைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு கண்டிஷனர் அவசியம்.

தேங்காய் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. நல்ல பொருள்தான். ஆனால் எண்ணெய் ஈரப்பதத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைக் காக்கும். காய்ந்த தலையில் எண்ணெயைத் தேய்த்தால் பளபளப்பு வரும், வறட்சி போகாது. முதலில் தண்ணீர் தெளித்து, அடுத்து க்ரீம் அல்லது அலசத் தேவையில்லாத கண்டிஷனர், கடைசியாகச் சில சொட்டு எண்ணெய். இதுதான் வரிசை.

சிக்கெடுப்பதில்தான் விஷயமே

பிள்ளை அழுவது பெரும்பாலும் இங்கேதான். காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, தலையை நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்து கொஞ்சம் கொஞ்சமாக வேர்ப்பக்கம் போங்கள். சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால், இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது. பேன் பார்ப்பதும் இப்படி ஈரமாக இருக்கும்போதுதான்.

துவட்டும்போது டவலால் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தூங்கும்போது பருத்தித் தலையணை முடியை உரசி, ஈரத்தையும் உறிஞ்சும். பழைய பட்டுப் புடவையில் ஜரிகை இல்லாத பகுதியை வெட்டி உறை தைத்தால் போதும்.

இரட்டைச் சடையை இறுக்கி மடித்துக் கட்டுவது பள்ளிக்கு அழகுதான். ஆனால் தினமும் இறுக்கினால் நெற்றி ஓரம் முடி உதிரும். நீண்ட நாள் தொடர்ந்தால் அது திரும்ப வளராமலும் போகலாம். தளர்வாகப் பின்ன அனுமதி கேட்டு, ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நேராக்கிவிட்டால் என்ன?

குழந்தைகளுக்கு ரசாயனம் வேண்டாம். சில நேராக்கும் பொருட்கள் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைட் வெளிவரும். கண், மூச்சு இரண்டுக்கும் கெடுதல். அமெரிக்கப் பெண்கள் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியான ஆய்வில், இவற்றை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் எச்சரிக்கைக்கு அது போதும்.

முடியைப் பற்றி வீட்டில் எப்படிப் பேசுகிறோம்?

"பரட்டை" என்ற சொல் நமக்குச் சாதாரணமாக வந்துவிடுகிறது. தத்தெடுத்த பிள்ளைக்கு அது வெறும் கேலி கிடையாது. 'நான் இந்த வீட்டு ஆள் இல்லையோ' என்ற சந்தேகத்தைக் கிளப்பும். அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் இயற்கையான முடிக்காக அவர்களைப் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2019-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

"ஏம்மா என் முடி உன்னுது மாதிரி இல்ல?" என்ற கேள்வி ஒருநாள் வரும். மழுப்ப வேண்டாம். "உன்னைப் பெத்தவங்ககிட்ட இருந்து வந்ததுடா தங்கம், எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று உண்மையைச் சொல்லலாம். பிறர் கேலி செய்யும்போது பிள்ளையின் முன்னாலேயே மறுத்துப் பேசுங்கள். அதைப் பிள்ளை மறக்காது.

இந்தியாவில் சட்டப்படி தத்தெடுத்தால், இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையின் நலன் குறித்து அறிக்கை தயாரிக்கப்படும். அந்தச் சந்திப்புகளில் முடி விஷயத்தையும் தயங்காமல் கேளுங்கள். தலையில் வட்டமாக முடி உதிர்ந்தாலோ, செதிலும் அரிப்பும் இருந்தாலோ, அது படர்தாமரையாக இருக்கலாம். வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை மடியில் சாய்ந்திருக்க, கதை சொல்லிக்கொண்டே சிக்கெடுங்கள். காரவள்ளி வளைவு மாதிரிதான், அவசரப்பட்டால் ஆகாது.