ஈராண்டு ஆயுள் கொண்ட சான்றிதழ்

புது தில்லி: நொய்டா, குர்கான், பெங்களூர், ஹைதராபாத் நகரங்களில் தரவுப் பொறியாளர் பணியை நாடும் இளைஞர்கள் பலர் பட்டத்துடன் நின்றுவிடுவதில்லை; அமெரிக்க நிறுவனங்கள் வழங்கும் தொழில்முறைச் சான்றிதழுக்கும் தயாராகின்றனர்.

கூகுள் நடத்தும் தேர்வுக்குக் கட்டணம் 200 டாலர், வரி தனி. தேர்வு நேரம் இரண்டு மணி. ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுதலாம். இந்திய மொழி எதிலும் எழுத இயலாது. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அமேசான் சான்றிதழின் ஆயுள் மூன்றாண்டு. மைக்ரோசாஃப்டோ, தனது 'அஸூர்' தரவுப் பொறியாளர் தேர்வையே 2025 மார்ச் 31-ல் நிறுத்திவிட்டது. அதற்கெனப் படித்துவந்தவர்கள் வேறு தேர்வுக்கு மாற நேர்ந்தது.

எனவே, வினா-விடைத் தொகுப்புகளை மனப்பாடம் செய்வது நெடுநாள் உதவாது. வந்து குவியும் பணப் பரிவர்த்தனை விவரங்களை உடனுக்குடன் ஆராய்வதா, இரவில் மொத்தமாக ஆராய்வதா, எதில் செலவு குறைவு என்று முடிவெடுக்கும் திறனே அடிப்படை. எஸ்.க்யூ.எல்., பைத்தான், தரவுத்தள வடிவமைப்பு ஆகியவற்றில் பெறும் தேர்ச்சிக்குக் காலாவதித் தேதி இல்லை. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இவற்றை இலவசமாகவே கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பாடம் ஒன்றுக்கு ரூ.1,000 கட்டணம்.

ஆதாரையும் யு.பி.ஐ.யையும் உருவாக்கிய நாடு இது. இங்கு தரவுப் பொறியாளரின் தகுதியை அளக்கும் கோல் மட்டும் அயல்நாட்டு நிறுவனங்களின் கையில் இருப்பது ஏன் என்பதை ஆட்சியாளர்கள் சிந்திக்க வேண்டும்.