மருந்து வந்த வழி

மாணவர்களே, ஒரு பொருளை ஆக்குவது ஒரு வேலை. அது கெடாமல் வேண்டியவர் கையில் சேர்ப்பது வேறொரு வேலை. முன்னதைப் பற்றிப் பாடநூல்கள் நிரம்பப் பேசுகின்றன. பின்னதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆகவே தடுப்பு மருந்தின் பிரயாணத்தைப் பற்றி இன்று சொல்ல எண்ணுகிறேன்.

பெரியம்மையைத் தடுக்கப் பசு அம்மைப்பால் உதவும் என்பதை ஜென்னர் 1796-இல் சோதித்துக் கண்டார். ஆனால் அந்தப் பால் வெப்பத்தில் விரைவில் வீரியம் இழந்துவிடும். அதைக் கடல் கடந்து அனுப்புவது எப்படி? 1803-இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் புறப்பட்ட பால்மிஸ் என்னும் மருத்துவர், 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். இருவர் கையில் அம்மைப்பால் குத்துவர். கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்குக் குத்துவர். இப்படியே கரை சேரும் வரை மருந்து உயிரோடு சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1802 ஜூன் 14 அன்று, பாக்தாத், பஸ்ரா வழியாக வந்த பால் பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் பற்றியது. அக்குழந்தையின் கொப்புளத்திலிருந்தே மருந்து மற்றவர்க்கும் பரவிற்று. குழந்தைகளின் கையே அன்று மருந்துப் பெட்டி! இதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன.

இன்று அவ்வேலையைக் குளிர் செய்கிறது. பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிரில் வைத்திருக்க வேண்டும். மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், முடிவில் செவிலியரின் தோளில் தொங்கும் சிறு பெட்டி என்று மருந்து கை மாறி வருகிறது. இதனைக் குளிர் சங்கிலி என்பர். இச்சங்கிலி வழியில் எங்கேனும் அறுந்திருந்தால், மருந்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் 1996 முதல் வந்த ஓர் அடையாளம் இக்குறையை ஓரளவு தீர்த்தது. வட்டத்துக்குள் வெளிறிய ஒரு சதுரம். உஷ்ணம் படப் பட அது கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். எழுத்தறியாதவரும் அதைப் படிக்கலாம்.

ஆனால் அச்சதுரம் உஷ்ணத்தை அறியுமேயன்றி உறைகுளிரை அறியாது. இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு செவிலியர். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரண ஜன்னித் தடுப்பூசி போட அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றனர். பெட்டியைத் திறந்தவர் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இன்று ஊசி இல்லை” என்றார். உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதிகளை யாரோ அப்படியே அடுக்கிவிட்டதால் மருந்து உறைந்து போயிருந்தது. “கரைந்த பிறகு போடலாமே?” என்றேன் சற்றே எரிச்சலுடன். “ஐயா, திரிந்த பால் மறுபடி பாலாகுமா?” என்றார் அவர்.

அவர் சொன்னது சரியே. அம்மருந்தில் கலந்துள்ள அலுமினிய உப்பு, உறைந்தால் திரண்டு வீரியத்தைக் குலைத்துவிடும். ஊசி குத்திய வலி இருக்கும்; காப்பு இராது. பெற்றோரோ பிள்ளைக்குப் பயமில்லை என்று நம்பியிருப்பர்.

2015 முதல் நம் நாட்டில் பரவிய ‘ஈவின்’ என்னும் மின்னணு ஏற்பாட்டில், குளிர்பெட்டியிலுள்ள கருவி அதன் வெப்பநிலையை ஓயாமல் அளந்து, வரம்பு மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. எந்த நிலையத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதும் உடனுக்குடன் தெரிகிறது. மிக நல்ல ஏற்பாடு. எனினும் அக்கருவி குளிர்பெட்டியோடு நின்றுவிடுகிறது. தோளில் தொங்கும் பெட்டிக்குச் செவிலியரின் கண்ணும் காதுமே கருவிகள்.

மறுவாரம் அவ்வம்மையார் மீண்டும் வந்தார். பெட்டியிலிருந்து ஒரு பனிக்கட்டிப் பொதியை எடுத்து என் காதருகே குலுக்கிக் காட்டினார். கட்டி சற்றே உருகி, உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்டது. அவ்வோசை வரும் வரை காத்திருந்துதான் பெட்டியில் அடுக்க வேண்டுமாம். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார்.