குத்துச்சண்டை மேடையிலிருந்து நீச்சல் குளம் வரை

தென்னை ஏறுவோரும் கடலுக்குச் செல்வோரும் நிறைந்தது நம் மணமேல்குடி வட்டாரம். மரத்திலிருந்து விழுந்தோ, சாலையில் அடிபட்டோ முதுகெலும்பு பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தார் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பழையபடி ஆகிவிடுவாரா?" இக்கேள்வி எழும்போது நாங்கள் நினைவுகூரும் ஒருவர் முரளிகாந்த் பேட்கர்.

மகாராஷ்டிர மாநிலம் சாங்கிலி மாவட்டத்தில் பிறந்த அவர், இந்திய இராணுவத்தில் சேர்ந்து குத்துச்சண்டை வீரராகப் பெயர் பெற்றார். 1965ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தான் போர் அந்த வாழ்வை முறித்தது. உடலில் பாய்ந்த குண்டுகளுள் ஒன்று முதுகெலும்பில் தங்கிவிட, கால்கள் செயலிழந்தன. குத்துச்சண்டை மேடைக்கு அவர் மீண்டும் திரும்பவே இல்லை.

மும்பையிலுள்ள அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் சிகிச்சையின் ஒரு பகுதியாக அவர் நீந்தத் தொடங்கினார். பதக்கம் அப்போது நோக்கமன்று. எஞ்சியிருந்த வலிமையைக் காப்பதே நோக்கம். அப்பயிற்சியே புதிய வழியைத் திறந்தது. 1968இல் டெல் அவிவில் நடந்த பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் கடந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்ததோ 2018இல்தான்.

எல்லாரும் பதக்கம் வெல்லவேண்டும் என்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. பேட்கரும் 'பழையபடி' ஆகவில்லை. இருப்பதைக் கொண்டு வேறொரு வாழ்வை அமைத்துக்கொண்டார். ஆகவே, "இனி எதையெல்லாம் செய்ய இயலும்?" என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

உடனிருந்து பராமரிப்போருக்குச் சில சொற்கள். இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சியை, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் விட்டுவிடாதீர்கள். படுக்கையிலிருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்தாலோ நிறம் மாறினாலோ உடனே தெரிவியுங்கள். அவர் கைகளால் செய்துகொள்ளக்கூடியதை அன்பின் மிகுதியால் நீங்கள் செய்துவிடாதீர்கள். மருத்துவரின் அனுமதியின்றி நீரில் இறங்கிப் பயிற்சி செய்ய வேண்டாம்.

மனம் சோர்ந்தால் அதையும் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. நோயாளிக்கு மட்டுமன்று, உங்களுக்கும்.